நாள் குறிப்பவர் கையில் விலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நிறுவனத்தை நடத்தும் குடும்பமோ, அதன் தாய் நிறுவனமோ, மேலாளர்களோ பொதுமக்கள் கையிலுள்ள பங்குகள் அனைத்தையும் வாங்கிக்கொண்டு, நிறுவனத்தைப் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவிக்கும்போதெல்லாம், வணிகப் பக்கச் செய்திகள் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் வெளிவருகின்றன. 'சந்தை விலையைவிட இத்தனை விழுக்காடு கூடுதல்' என்பது தலைப்பாகிறது. மறுநாள் பங்கு விலை உயர்ந்த செய்தி வருகிறது. சிறு முதலீட்டாளர்களுக்கு ஏதோ பரிசு கிடைத்துவிட்டது போன்ற தொனி இரண்டிலும் இருக்கிறது. அந்தக் 'கூடுதல்' என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கடிதம். எதைவிடக் கூடுதல், அந்த 'எது' எந்த நாளில் அளக்கப்பட்டது, அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல், அந்த விழுக்காட்டைக் கொண்டு எவரும் நியாயத்தை அளந்துவிட முடியாது.

நான் வழக்கறிஞனும் அல்லன், முதலீட்டு ஆலோசகனும் அல்லன். நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். சில நிறுவனங்களில் சிறிய அளவில் பங்கு வைத்திருப்பவன். எனவே மேசையின் இரு பக்கமும் ஓரளவு தெரியும்.

வெளியார் ஒருவர் ஒரு நிறுவனத்தை வாங்க வந்தால் அங்கே இயல்பாகவே ஒரு பேரம் நடக்கும். இயக்குநர் குழுவும் பெரும் பங்குதாரர்களும் விற்பவர் பக்கம் இருப்பார்கள். விலை உயர்ந்தால் அவர்களுக்கும் லாபம் என்பதால், அவர்கள் தமக்காகப் போராடும்போது சிறு பங்குதாரருக்காகவும் போராடியவர்கள் ஆகிறார்கள். உள்வட்டத்தினரே வாங்க முன்வரும்போது இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. கணக்குகளை எழுதுபவர்கள், அடுத்த மூன்றாண்டுத் திட்டத்தை அறிந்தவர்கள், ஈவுத்தொகை எவ்வளவு என்று தீர்மானிப்பவர்கள், எந்தச் செய்தியை எப்போது வெளியிடுவது என்று முடிவு செய்பவர்கள் எல்லோரும் வாங்குபவர் பக்கம் போய்விடுகிறார்கள். நமக்கு அவர்கள் சொல்வது 'இது நல்ல விலை, விற்றுவிடுங்கள்' என்று. ஆனால் தங்கள் பங்கில் ஒன்றைக்கூட அந்த விலைக்கு அவர்கள் விற்பதில்லை. அந்த ஒரு செய்கையே போதுமான சாட்சி என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அதை யாரும் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

உள்வட்டத்தினருக்குக் கிடைக்கும் சலுகைகளில் மிகப் பெரியது நாள் குறிக்கும் உரிமை. சிறு பங்குதாரர் விற்க வேண்டிய நாளை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. வாங்குபவரோ ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, விலை தரையைத் தொடும் நேரத்தில் கதவைத் தட்டலாம். 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா அச்சத்தால் உலகச் சந்தைகள் எல்லாம் வீழ்ந்து கிடந்தபோது, வேதாந்தா நிறுவனத்தின் தாய் நிறுவனம் பொதுமக்களின் பங்குகளை வாங்கிப் பட்டியலிலிருந்து விலக்கப் போவதாக அறிவித்தது. முன்வைத்த விலை பங்குக்கு 87.50 ரூபாய். அது அப்போதைய சட்டப்படியான அடிமட்ட விலைக்கு, அதாவது வாங்குபவர் அதற்குக் கீழே தரக் கூடாத விலைக்கு, சற்று மேலே இருந்தது. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில் அந்தப் பங்கு 150 ரூபாயை ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது. இந்தியச் சட்டப்படி அந்த முயற்சியில் பங்குதாரர்களே தங்களுக்கு வேண்டிய விலையைக் கேட்கலாம். எல்.ஐ.சி. 320 ரூபாய் கேட்டது. போதுமான பங்குகள் சேராமல் அக்டோபரில் முயற்சி தோல்வியடைந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பட்டியலிலிருந்து விலக்கும் நோக்கமின்றி, தங்கள் பங்களவைக் கூட்டிக்கொள்ள அதே தரப்பு இறுதியாக முன்வைத்த விலை 235 ரூபாய்.

இதில் சட்டமீறல் எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. எல்லாம் விதிப்படியே நடந்தது என்பதுதான் என் கவலை. முந்தைய 60 வர்த்தக நாட்களின் சராசரி விலையை அடிமட்ட விலைக்கு ஓர் அளவுகோலாக வைக்கும் விதி, அந்த 60 நாட்களும் சாதாரண நாட்கள் என்று கருதிக்கொள்கிறது. வாங்குபவர் சாதாரண நாட்களில் வருவார் என்று எதிர்பார்ப்பது வெகுளித்தனம். 87.50 ரூபாய்க்கே அன்று அந்த விற்பனை முடிந்திருந்தால், அதைக் கூடுதல் விலை என்று எழுதிவிட்டு நாமெல்லாம் அடுத்த செய்திக்குப் போயிருப்போம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதற்கு அடுத்த படி, நாளை உருவாக்குவது. ஜப்பானில் ரெக்ஸ் ஹோல்டிங்ஸ் என்ற உணவக நிறுவனத்தை அதன் மேலாளர் தரப்பு 2006-ஆம் ஆண்டு இறுதியில் வாங்க முன்வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஆகஸ்டில், நிறுவனம் தன் லாப மதிப்பீட்டைக் கீழே இறக்கி அறிவித்திருந்தது. பங்கு விலை சரிந்தது. அந்தச் சரிந்த விலைக்கு மேல் கணக்கிட்டு 2,30,000 யென் தருவதாகச் சொன்னார்கள். ஏற்க மறுத்த பங்குதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். டோக்கியோ உயர் நீதிமன்றம் 2008-இல், சரிவுக்குப் பிந்தைய விலையை மட்டும் பார்க்காமல் ஆறு மாதச் சராசரியை எடுத்து, அதன்மேல் 20 விழுக்காடு சேர்த்து 3,36,966 யென் என்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 46 விழுக்காடு வித்தியாசம். லாப மதிப்பீட்டைக் குறைத்தது உண்மையான கணிப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் வாங்கப் போகிறவரே கணிப்பையும் எழுதும்போது, அது நேர்மையான கணிப்பா அல்லது பேரத்தின் முதல் நகர்வா என்று வெளியில் இருப்பவர் எப்படி அறிவார்?

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்), உறவினர்கள் சிலரிடம் இருந்த பங்குகளை நிர்வாகக் குடும்பம் விலைக்கு வாங்க முடிவு செய்தது. பட்டியலிடப்படாத நிறுவனம் என்பதால் சந்தை விலை கிடையாது. மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். ஐந்தாண்டு முன்கணிப்பு ஒன்றைத் தயாரித்துத் தரும்படி எனக்கு உத்தரவு வந்தது. விற்பனை வளர்ச்சி இத்தனை, மூலப்பொருள் விலை உயர்வு இத்தனை என்று எண்களும் சேர்ந்தே வந்தன. அவை அவநம்பிக்கையான எண்கள். இரண்டு மாதம் முன்புதான் அதே ஐந்தாண்டுகளுக்கு இன்னொரு முன்கணிப்பை என் கையாலேயே தயாரித்து, புதிய கடனுக்காக வங்கிக்கு அனுப்பியிருந்தோம். அதில் விற்பனை மளமளவென்று ஏறியது. இரண்டு கோப்புகளும் என் மேசையின் ஒரே இழுப்பறையில் இருந்தன. வங்கிக்கு அனுப்பியதை மதிப்பீட்டாளர் கேட்கவில்லை. அவருக்கு அது இருப்பதே தெரியாது. நானும் சொல்லவில்லை. அதற்காக இன்று பெருமைப்படவில்லை.

இது ஏதோ சிறு நிறுவனத்தின் குடும்பப் பூசல் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் டோல் ஃபுட் நிறுவனத்தில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்த இழுப்பறை நினைவுக்கு வந்தது. சுமார் 40 விழுக்காடு பங்கு வைத்திருந்த அதன் தலைவர் டேவிட் முர்டாக், 2013-இல் மற்றவர்களின் பங்குகளை 13.50 டாலர் வீதம் வாங்கிக்கொண்டார். வெளித்தோற்றத்தில் எல்லா முறைகளும் கடைப்பிடிக்கப்பட்டன. சுயேச்சை இயக்குநர் குழு ஒன்று தனி ஆலோசகர்களுடன் பேரம் பேசியது. முர்டாக்கைச் சாராத பங்குதாரர்களில் 50.9 விழுக்காட்டினர் ஒப்புதல் வாக்களித்தார்கள். பின்னர் வழக்கு நடந்தபோது டெலவேர் மாநில நீதிமன்றத்தில் வெளிவந்தது வேறு கதை. நிறுவனத்தின் இரண்டாம் நிலை அதிகாரி மைக்கேல் கார்ட்டர், வணிகத்தின் ஒரு பெரும் பகுதியை விற்றதால் மிச்சமாகும் செலவு 5 கோடி டாலர் வரை இருக்கும் என்ற கணிப்பை 2 கோடி டாலராகச் சுருக்கிச் சந்தைக்கு அறிவித்திருந்தார். பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தையும் ரத்து செய்திருந்தார். சுயேச்சைக் குழுவுக்குத் தாழ்த்திய முன்கணிப்பையும், முர்டாக்கின் ஆலோசகர்களுக்கும் கடன் தரவிருந்த வங்கிகளுக்கும் உண்மைக்கு நெருக்கமான எண்களையும் கொடுத்திருந்தார். குழு நேர்மையாகவே உழைத்தது; ஆனால் பொய்யான எண்களை வைத்துக்கொண்டு நேர்மையாக உழைத்தது. 2015 ஆகஸ்டில் நீதிமன்றம் இருவரும் பங்கு ஒன்றுக்கு 2.74 டாலர் வீதம் 14.8 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

இதற்கெல்லாம் மூத்த வழக்கு ஒன்று உண்டு. சிக்னல் என்ற நிறுவனத்துக்கு யு.ஓ.பி. என்ற நிறுவனத்தில் 50.5 விழுக்காடு பங்கு இருந்தது. மீதியை 1978-இல் 21 டாலர் வீதம் வாங்கியது. அதற்கு முந்தைய சந்தை விலை 14.50 டாலர், அதாவது ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதல். இன்றைய வணிகப் பக்கங்கள் இதைப் பெருந்தன்மை என்றே எழுதியிருக்கும். யு.ஓ.பி.யின் இயக்குநர்களாகவும் சிக்னலின் அதிகாரிகளாகவும் ஒரே நேரத்தில் இருந்த இருவர், யு.ஓ.பி.யின் தகவல்களைக் கொண்டே சிக்னலுக்காக ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். 24 டாலர் வரை கொடுத்து வாங்கினாலும் இது நல்ல முதலீடு என்றது அறிக்கை. யு.ஓ.பி.யின் மற்ற இயக்குநர்களுக்கு அது காட்டப்படவே இல்லை. 1983-இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியபோது ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டியது: 21 டாலருக்கு வாங்கினால் சிக்னலுக்கு ஆண்டு வருவாய் 15.7 விழுக்காடு, 24 டாலருக்கு வாங்கினால் 15.5 விழுக்காடு. வாங்குபவருக்கு அந்த 0.2 ஒரு பொருட்டே இல்லை. சிறு பங்குதாரர்களுக்கு அது 1.7 கோடி டாலருக்கு மேல். நடந்துகொண்ட முறை, கொடுத்த விலை இரண்டும் நியாயமாக இருக்க வேண்டும் என்ற அளவுகோல் அந்தத் தீர்ப்பில்தான் தெளிவாக வரையறுக்கப்பட்டது. 45 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்தும் ஒருவர் நியாயமற்றவராக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, தனி மதிப்பீட்டாளர் இருக்கிறாரே, முதலீட்டு வங்கி 'விலை நியாயமானது' என்று சான்று தருகிறதே என்று கேட்கலாம். அந்தச் சான்றின் உட்புறத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வருங்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கழிவு செய்து சேர்ப்பதுதான் கணக்கு. ஆண்டுக்கு 100 ரூபாய் தந்து, அது ஆண்டுதோறும் 4 விழுக்காடு வளரும் ஒரு வருவாயை 10 விழுக்காடு கழிவு விகிதத்தில் மதிப்பிட்டால் 1,667 ரூபாய் வரும். அதே விகிதத்தை 11 என்று வைத்தால் 1,429 ரூபாய். பத்தா பதினொன்றா என்பதில் இரண்டு நேர்மையான நிபுணர்கள் மாறுபடலாம். ஆனால் அந்த ஒற்றை எண்ணில் நிறுவனத்தின் ஏழில் ஒரு பங்கு மறைந்துவிடுகிறது. கட்டணம் தருபவர் யார், கட்டணத்தில் எவ்வளவு பகுதி விற்பனை நிறைவேறினால் மட்டுமே கிடைக்கும் என்பதைப் பொறுத்து அந்த மாறுபாடு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. கேட்பவர் இருந்தால் எண் எப்படி மாறும் என்பதற்குக் கேட்பரி இந்தியா ஓர் உதாரணம். ஏற்கெனவே பட்டியலிலிருந்து விலகியிருந்த அந்த நிறுவனம், எஞ்சியிருந்த சிறு பங்குதாரர்களை மூலதனக் குறைப்பின் மூலம், அதாவது பணம் கொடுத்து அவர்களின் பங்குகளை ரத்து செய்து, வெளியேற்றத் தொடங்கியபோது முன்வைத்த விலை 1,340 ரூபாய். ஒரு சில பங்குதாரர்கள் விடாமல் எதிர்த்ததால், மும்பை உயர் நீதிமன்றத்தில் 2014-இல் அது 2,014.50 ரூபாயாக முடிந்தது. இடையில் கடந்த ஆண்டுகளில் நிறுவனமும் வளர்ந்தது என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எதிர்க்காமல் இருந்திருந்தால் அந்த வளர்ச்சியில் ஒரு காசும் அவர்களுக்கு வந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயமற்றவன் ஆவேன். உள்வட்டத்தினர் எல்லோரும் சூழ்ச்சிக்காரர்கள் அல்லர். காலாண்டுக்கு ஒருமுறை சந்தைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே நீண்டகால மாற்றங்களைச் செய்ய முடியாத நிறுவனங்கள் உண்டு. பட்டியலில் நீடிப்பதற்கான செலவே சுமையாகிப்போன சிறு நிறுவனங்கள் உண்டு. பெருங்கடன் வாங்கி, தன் சொத்தின் பெரும்பகுதியை ஒரே நிறுவனத்தில் முடக்குபவர் ஏற்கும் ஆபத்துக்கு ஒரு விலை உண்டு. அவர் வாங்கிய பிறகு மதிப்பு உயர்ந்தால் அது முழுவதும் நம்மிடமிருந்து பறித்தது ஆகாது. சிறு பங்குதாரர் பக்கத்திலும் தவறு நடக்கிறது. பங்குதாரர்களே விலை கேட்கும் முறையில், அறிவிப்புக்குப் பிறகு பங்குகளை வாங்கிக் குவிக்கும் சில நிதியங்கள், தாங்கள் இல்லாமல் பட்டியலிலிருந்து விலக்கத் தேவையான 90 விழுக்காட்டை வாங்குபவர் எட்ட முடியாது என்று தெரிந்துகொண்டு வாய்க்கு வந்த விலையைக் கேட்டு முயற்சியையே முறித்துவிடுவதும் உண்டு. அப்போது நல்ல விலைக்கு விற்கக் காத்திருந்த சிறியவர்களும் கையில் பங்கோடு நிற்கிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024-இல், அடிமட்ட விலைக்கு மேல் குறைந்தது 15 விழுக்காடு சேர்த்து ஒரே நிலையான விலையை அறிவிக்கும் மாற்று வழியை அனுமதித்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். தொல்லை உண்மை, மருந்துதான் தவறு என்பது என் கருத்து. அடிமட்ட விலையே வாங்குபவர் தேர்ந்தெடுத்த நாளைச் சார்ந்திருக்கும்போது, அதன்மேல் எத்தனை விழுக்காடு சேர்த்தால் என்ன?

போட்டி இருக்கும் இடத்தில் இந்த நோய் தானே தீர்கிறது. 1988-இல் ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ நிறுவனத்தின் தலைமை அதிகாரி ராஸ் ஜான்சன், மேலாளர் குழுவின் சார்பில் பங்குக்கு 75 டாலர் தருவதாக முன்வந்தார். இயக்குநர் குழு அதை ஏற்றுக் கையெழுத்திடாமல் ஏலத்துக்குத் திறந்துவிட்டது. ஆறு வாரத்துக்குள் கே.கே.ஆர். என்ற நிறுவனம் 109 டாலருக்கு அதை வென்றது. அதற்கு ஈடாக மேலாளர் குழுவும் விலையை உயர்த்திக்கொண்டே போனது. 75 டாலர் நியாயமான விலை என்று தொடக்கத்தில் சொன்ன அதே ஆட்கள்தாம். ஆனால் இந்தப் பாதை மேலாளர்கள் வாங்கும்போது திறக்கும். பெரும்பான்மைப் பங்குதாரரே வாங்கும்போது திறக்காது. 'என் பங்கை யாருக்கும் விற்க மாட்டேன்' என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும், வேறு எவரும் வர மாட்டார்கள். ஏலத்தில் ஒரே ஆள்.

அதனால்தான் பல சட்டங்களும் ஏதோ ஒரு வடிவில் சிறுபான்மைப் பங்குதாரர்களின் வாக்கை நாடுகின்றன. வாங்குபவரைச் சாராத பங்குதாரர்களில் பெரும்பான்மையினரின் ஒப்புதலும், உண்மையான அதிகாரம் படைத்த சுயேச்சைக் குழுவின் ஒப்புதலும், இரண்டும் தொடக்கத்திலேயே நிபந்தனையாக வைக்கப்பட வேண்டும் என்று 2014-இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த 'தொடக்கத்திலேயே' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. பேரம் முடிந்த பிறகு வாக்கெடுப்பைச் சேர்த்துக்கொண்டால், விலையை உயர்த்துவதற்குப் பதிலாக வாக்கெடுப்பைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். 2025 மார்ச்சில் டெலவேர் மாநிலம் தன் சட்டத்தைத் தளர்த்தி, பெரும்பான்மைப் பங்குதாரர் சம்பந்தப்பட்ட மற்ற பரிவர்த்தனைகளுக்கு இரண்டில் ஒன்று போதும் என்று ஆக்கியபோதும், நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து விலக்கும் வாங்கலுக்கு இரண்டையும் விட்டுவைத்தது. தளர்த்தியவர்களுக்கே இந்த இடத்தில் கை நடுங்கியிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

வாக்கு என்பதும் தானாக நடப்பதில்லை. 2013-இல் டெல் நிறுவனத்தை அதன் நிறுவனர் மைக்கேல் டெல் வாங்கியபோது வாக்கெடுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிவைக்கப்பட்டது. வாக்களிக்காதவர்களை எதிர்ப்பாளர்களாகக் கணக்கிடும் விதியும் இடையில் கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக விலையும் சற்று உயர்த்தப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஐ.சி.ஐ.சி.ஐ. செக்யூரிட்டீஸ் நிறுவனத்தைத் தாய் வங்கியுடன் பங்கு மாற்று முறையில் இணைத்துப் பட்டியலிலிருந்து விலக்கியபோது, 100 பங்குக்கு வங்கியின் 67 பங்கு என்ற விகிதத்துக்கு 2024 மார்ச்சில் பொதுப் பங்குதாரர்களின் ஒப்புதல் கிடைத்தது. வாக்களிப்பதற்கு முன் வங்கி ஊழியர்கள் பங்குதாரர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியது தொடர்பாகச் செபி அந்த வங்கிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஒப்புதல் தேவையான அளவைத் தாண்டியிருந்தது, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமும் ஏற்றுக்கொண்டது. அதை நான் கேள்வி கேட்கவில்லை. ஆனால் யாருடைய ஒப்புதல் வேண்டுமோ அவரது தொலைபேசி எண் வாங்குபவரின் கையில் இருப்பது சமமான களம் அன்று.

வாக்கிலும் தோற்றவருக்கு எஞ்சுவது நீதிமன்றம். அது இருக்கிறது என்பது ஆறுதல். அதை நம்பியிருப்பது அறியாமை. ஃபேமிலிமார்ட் நிறுவனத்தை 2020-இல் இத்தோச்சு நிறுவனம் 2,300 யென் வீதம் வாங்கியது. நியாய விலை 2,600 யென் என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது 2023-இல். அதுவும் மனுப்போட்டவர்களுக்குத்தான். பத்துப் பங்கு வைத்திருப்பவர் மூன்றாண்டு வழக்கு நடத்த மாட்டார். டெல் வழக்கில் கீழமை நீதிமன்றம் 2016-இல் நியாய விலை 17.62 டாலர் என்றது. அடுத்த ஆண்டு இறுதியில் டெலவேர் உச்ச நீதிமன்றம், சந்தை விலைக்கும் பேரத்துக்கும் உரிய எடை தரப்படவில்லை என்று அதை ரத்து செய்தது. இரண்டு அமர்வுகளும் கற்றறிந்தவை. ஒரே ஆவணங்களைத்தான் படித்தன. அதே வழக்கில் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லாமல் விட மனமில்லை. டி. ரோ பிரைஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் அந்த வாங்கலை வெளிப்படையாக எதிர்த்தது. ஆனால் அதன் வாக்குப் பதிவு ஏற்பாட்டில் நேர்ந்த பிழையால் அதன் பங்குகள் ஆதரவாகப் பதிவாகிவிட்டன. ஆதரித்தவருக்கு நியாய விலை கோரும் உரிமை கிடையாது என்பதால் வழக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. தன் வாடிக்கையாளர்களுக்கு 19.4 கோடி டாலரைத் தன் கையிலிருந்து ஈடு செய்தது. ஆயிரக்கணக்கான கோடிகளை ஆளும் நிறுவனத்துக்கே இந்த நடைமுறையில் கால் இடறுகிறதென்றால், தபாலில் வரும் நூறு பக்க அறிக்கையை வைத்துக்கொண்டு தனியொருவர் என்ன செய்வார்?

என் கோரிக்கை பெரிதல்ல. உள்வட்டத்தினர் வாங்கும்போது, அடிமட்ட விலையைச் சில வாரச் சராசரியில் நிறுத்தாமல், முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியையும் சேர்த்துப் பார்த்து எது அதிகமோ அதை வைக்க வேண்டும். அப்போது வீழ்ச்சி நாளைத் தேர்ந்தெடுப்பதில் லாபம் இருக்காது. கடந்த இரண்டு ஆண்டுகளில் வங்கிக்கும், தர மதிப்பீட்டு நிறுவனத்துக்கும், இயக்குநர் குழுவுக்கும் நிர்வாகம் கொடுத்த முன்கணிப்புகள் அனைத்தையும், மதிப்பீட்டாளருக்குக் கொடுத்ததோடு பக்கத்தில் வைத்து வெளியிடக் கட்டாயப்படுத்த வேண்டும். இரண்டு இழுப்பறைக் கோப்புகளும் ஒரே மேசைக்கு வந்தால், என்னைப் போன்ற கணக்கர்களின் மனச்சாட்சியை நம்பியிருக்க வேண்டியதில்லை. வாங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதே நிறுவனத்தை அதிக விலைக்கு விற்றாலோ மீண்டும் பட்டியலிட்டாலோ, வித்தியாசத்தில் ஒரு பங்கு பழைய பங்குதாரர்களுக்குப் போக வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு நிறுவனங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவிக்கும் என்று தெரியும். தாங்கள் கொடுத்த விலை நியாயமானது என்று உண்மையாகவே நம்புகிறவருக்கு அதில் பயப்பட அதிகம் இல்லை.

சட்டம் மாற நாளாகும். தங்கள் நாளிதழ் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இனி இத்தகைய அறிவிப்பு வரும்போது, 'சந்தை விலையைவிட இத்தனை விழுக்காடு கூடுதல்' என்ற வரிக்குப் பக்கத்தில், ஓராண்டு முன்பும் மூன்றாண்டு முன்பும் அந்தப் பங்கு என்ன விலை விற்றது, மக்களிடம் முதன்முதலில் அது என்ன விலைக்கு விற்கப்பட்டது, வாங்குபவர் தம் பங்குகளில் எத்தனையை இதே விலைக்கு விற்கிறார் என்ற மூன்று எண்களையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்